ஊருக்கு பஸ் கேட்டு மனு கொடுக்கப் போகிறீர்களா? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். மெயின்ரோட்டுக் கைகாட்டியிலிருந்து உள்ளே மூன்றரை கிலோமீட்டர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக கைகாட்டி வரை நடக்கணும். மழை பெய்தால் ஷேர் ஆட்டோ, தலைக்கு 20 ரூபாய். பலா சீசனில் அதுவும் கிடைக்காது, ஆட்டோவெல்லாம் பழம் ஏற்றப் போய்விடும்.

பஸ் கேட்டு மூன்று மனு கொடுத்தோம். முதல் இரண்டும் வீண். கோளாறு முழுக்க எங்கள் தாளில்தான் இருந்தது. மூன்றாவது மனு வேலை செய்தது. முதல் இரண்டில் தவறவிட்டதை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அரசுக் கணக்கில் உங்கள் ஊர் எந்த ஊர்?

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. முதல் மனுவுக்கு வந்த பதில் இதுதான்: "மேற்படி கிராமத்திற்குப் பேருந்து வசதி உள்ளது."

நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு குக்கிராமம். அரசுத் தாள்களில் 'கிராமம்' என்றால் வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நான்கைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். ஊராட்சியின் எல்லை வேறு மாதிரியும் இருக்கலாம். எங்கள் வருவாய்க் கிராமத்தின் தாய்க் கிராமம் மெயின்ரோட்டிலேயே இருக்கிறது, அங்கே பஸ் நிற்கிறது. ஆகவே தாளில் எங்களுக்கும் பஸ் உண்டு!

சிட்டா, பட்டா, வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: குக்கிராமம், ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், வருவாய்க் கிராமம், வட்டம். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நடை போய்க் கேளுங்கள். இந்த ஐந்து பெயரும் மனுவின் முதல் பத்தியிலேயே வரவேண்டும்.

2. 2011 கணக்கை எடுத்து அச்சிடுங்கள்

ஊர்வாரியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டுடையதுதான். 2021-இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்ததற்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் ஊர்வாரி எண்கள் வரும்வரை எல்லா அலுவலகத்திலும் 2011 எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

இந்தியக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இருக்கிறது. இலவசம். கடலூருக்கு உரியதில் இரண்டு பகுதிகள். 'ஏ' பகுதியில் ஊரில் என்னென்ன வசதி உண்டு என்ற பட்டியல். 'பி' பகுதியில் வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர் என்று தலைக்கணக்கு. நமக்கு இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் போதும்.

'ஏ' பகுதியில் பஸ், ரயில் நிலையம், தபால் நிலையம், மருத்துவமனை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஊரில் இல்லாத வசதிக்கு எதிரே ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கும், பி என்றால் 5 முதல் 10 வரை, சி என்றால் 10-க்கு மேல். உங்கள் ஊருக்கு எதிரே பஸ் இல்லை என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே உங்கள் சாட்சி. எங்களைப் போல 'உண்டு' என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், அதற்கு மருந்து அடுத்த படியில் இருக்கிறது. மறைக்க மட்டும் நினைக்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே பக்கத்தைத்தான் பார்ப்பார்.

தேடும்போது இரண்டு இடங்களில் தடுக்கி விழுவீர்கள். ஸ்ரீமுஷ்ணம், வேப்பூர், புவனகிரி வட்டங்கள் 2011-க்குப் பிறகு பிரிந்தவை. அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் ஊரைப் பழைய வட்டத்தின் கீழ் தேட வேண்டும். ஸ்ரீமுஷ்ணம் என்றால் காட்டுமன்னார்கோயில், புவனகிரி என்றால் சிதம்பரம் என்று பாருங்கள். இரண்டாவது தொல்லை எழுத்து. ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நம் ழகரமும் ளகரமும் அங்கே படும் பாட்டைச் சொல்லி மாளாது. பெயரைத் தட்டித் தேடினால் சிக்காது. வட்டத்தைத் திறந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் சிக்கும்.

பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஓர் ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி. உங்கள் ஊர் புதுச்சேரியில் இருந்தால் கணக்கு புதுச்சேரிக் கையேட்டில் இருக்கும், மனுவும் அங்கேதான் போகணும். நீங்கள் கேட்கும் தடம் எல்லையைத் தாண்டினால் அனுமதியில் இரண்டு பக்கத்தின் ஒப்பமும் தேவைப்படும். கூடியவரை எல்லை தாண்டாத தடமாகக் கேளுங்கள்.

3. குக்கிராமக் கணக்கு நீங்களே எடுக்க வேண்டியது

2011 எண் முழு வருவாய்க் கிராமத்துக்கும் சேர்த்து. அதை மட்டும் நீட்டினால் "இத்தனை பேரில் பஸ் இல்லாதவர் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு வாய் திறக்க முடியாது. தவிர அந்தக் கணக்கு எடுத்தது 2011 பிப்ரவரியில். அதே வருடம் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் போன குடும்பங்கள் உண்டு, திரும்பி வந்தவையும் உண்டு. பழைய எண்ணும் இன்றைய ஊரும் ஒன்றாக இருக்காது.

ஊராட்சிச் செயலரிடம் குக்கிராமவாரியாக வீட்டுவரி எண்ணிக்கையும் குடிநீர் இணைப்பு எண்ணிக்கையும் இருக்கும். அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பவாரிப் பதிவேடு இருக்கும்; ஊரில் யார் இருக்கிறார், யார் போனார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ரேஷன் கடையில் உங்கள் தெருக்களின் அட்டை எண்ணிக்கை கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் பாகம் தெருவாரியாகவே இருக்கும். நான்கும் சரியாக ஒத்துப்போகாது. கவலை வேண்டாம், நான்கையும் எழுதி எங்கிருந்து வாங்கியது என்று பக்கத்தில் குறியுங்கள்.

அதற்கு மேல் ஒன்றை எங்கள் ஊர்ப் பெண்கள் செய்தார்கள். மனுவிலேயே அதிகம் படிக்கப்பட்ட தாள் அதுதான் என்று நினைக்கிறேன். திங்கள் முதல் சனி வரை, காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, ஊரிலிருந்து கைகாட்டிக்கு நடந்தும் ஆட்டோவிலும் போனவர்களை எண்ணினார்கள். முந்திரிக் கம்பெனிக்குப் போகிறவர்கள், பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பண்ருட்டி மார்க்கெட் என்று பிரித்து, மணி வாரியாகக் கோடு போட்டார்கள். பஸ் விடுகிறவருக்கு ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைவிட ஏழே முக்காலுக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதுதான் கணக்கு. பள்ளித் தலைமையாசிரியரிடம், உங்கள் ஊரிலிருந்து வரும் மாணவர் எண்ணிக்கையை எழுதி முத்திரை வைத்த ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். மறுக்க மாட்டார்கள்.

4. ரோட்டை அளந்து பாருங்கள்

பஸ்ஸின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர். நம் கிராமத்துத் தார்ச்சாலை 3 மீட்டரோ 3.75 மீட்டரோ இருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க ஓரம் வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு நான்கைந்து இடங்களில் அளந்து எழுதுங்கள். பாலம், மதகு, வளைவு, குளக்கரை வரும் இடங்களைப் படம் எடுங்கள்.

கடைசியில் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா? பல ஊர்களில் கதை முடிவது இங்கேதான். பள்ளி வளாகமோ களமோ கோயில் திடலோ, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் கொல்லையைக் காட்டி "அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்றால் ஆய்வுக்கு வருபவர் எழுதிக்கொள்ள மாட்டார்.

சாலை யாருடையது என்பதும் தெரிய வேண்டும். நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, ஊராட்சியா? குழி இருந்தால் யாரிடம் கேட்பது என்பது அதைப் பொறுத்தது. ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளர் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-இல் அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை முந்திரிக் கிளை. புயலுக்குப் பிறகு நட்டவை இப்போது ரோட்டின் மேல் கூரை போட்டிருக்கின்றன. கொல்லைக்காரர்களிடம் பேசி, காய்ப்பு முடிந்ததும் கழித்துவிடச் சொன்னோம். இதை மனுவுக்கு முன்பே செய்து முடித்தது நல்லதாகப் போயிற்று.

5. பஸ் கேட்காதீர்கள், நடை கேளுங்கள்

பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் எங்கள் இரண்டாவது மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, புது பஸ்ஸு கேட்டா புது வண்டி, ரெண்டு டிரைவர், ரெண்டு கண்டக்டர் கேக்குற மாதிரி. நடை கேளு."

நடை என்றால் ஒரு பஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒரு ஓட்டம். உங்கள் கைகாட்டி வழியாக ஏற்கெனவே ஓடும் நகரப் பேருந்துகளில் ஒன்றின் காலை நடை ஒன்றையும் மாலை நடை ஒன்றையும் ஊர்வரை நீட்டிக்கச் சொல்வதுதான் சுலபம். மூன்றரை கிலோமீட்டர் போக வர ஏழு. கால் மணி, இருபது நிமிடம் கூடுதல்.

அதற்கு முதலில் கைகாட்டியில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தடம் எண், எங்கிருந்து எங்கே, மணி, கூட்டம் எப்படி என்று எழுதினேன். ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே பாதிக்கு மேல் காலியாகும் நடையும், கடைசி நிறுத்தத்தில் இருபது நிமிடம் சும்மா நிற்கும் நடையும் நமக்கு வேண்டியவை. பணிமனையின் நேரக் காப்பாளரிடம் மரியாதையாகக் கேட்டால் மீதியைச் சொல்வார்.

கேட்கும்போது 'சாதாரணக் கட்டண நகரப் பேருந்து' என்று தெளிவாக எழுதுங்கள். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அந்த வகை பஸ்ஸில்தான். புறநகர்ப் பேருந்தின் நடையை நீட்டித்து வாங்கினால் முந்திரிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் தினம் காசு கொடுத்துத்தான் போகணும்.

6. கிராம சபைத் தீர்மானம்

வருடத்தில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தன்று எழுந்து கத்தினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் பொருளை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கோரம் என்ற ஒன்று உண்டு, கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்கள் குக்கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் நடக்கும் இடம் தாய்க் கிராமமாக இருக்கும், அங்கே பஸ் இருப்பவர்களுக்கு உங்கள் தீர்மானத்தில் அக்கறை இருக்காது.

தீர்மான நகலில் எண், தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் பாருங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்தில் கையெழுத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகணும், இரண்டு மூன்று வாரம் கூடும். எங்களுக்கு நகல் கையில் வர 26 நாள் ஆனது.

7. மனுவும் அதைக் கொடுக்கும் இடமும்

மனு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பொருள் வரி இப்படி இருக்கட்டும்: "தடம் எண் இன்னது, காலை 7.40 மற்றும் மாலை 5.10 நடைகளை இன்ன கைகாட்டியிலிருந்து இன்ன குக்கிராமம் வரை 3.5 கி.மீ. நீட்டிக்கக் கோருதல்." எங்கள் முதல் மனுவின் பொருள் வரி "பேருந்து வசதி வேண்டி." அதோடு சுதந்திரம் வாங்கி இத்தனை ஆண்டு என்று ஒரு பக்கம் வேறு.

இணைப்புகள்: கையேட்டின் இரண்டு பக்கங்கள், குக்கிராமக் கணக்கு, பயணிகள் எண்ணிக்கைத் தாள், தலைமையாசிரியர் கடிதம், சாலை அளவும் படங்களும், கையால் வரைந்த தட வரைபடம், தீர்மான நகல், கையெழுத்துப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். கையெழுத்துப் பட்டியலில் ஒரே கையில் பத்துப் பெயர் எழுதாதீர்கள், ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர். நகல்: உங்கள் பணிமனையின் கிளை மேலாளர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொது மேலாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், தொகுதி எம்.எல்.ஏ. கடலூர் மாவட்டத்தில் அரசு பஸ் ஓட்டுவது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம். சென்னைக்கு அனுப்பினால் அது சுற்றிக்கொண்டுதான் வரும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். பதிவுக்குக் காசு கிடையாது. வெளியே மனு எழுதித் தருபவர்கள் வாங்குவது அவர்கள் கூலி, நீங்கள் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகலாம். ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். மனு எண் போட்ட சீட்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். திங்கள் விடுமுறை என்றாலும், தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தாலும் கூட்டம் இருக்காது. இருபது பேர் வேன் பிடித்துப் போகத் தேவையில்லை. நாங்கள் முதல் முறை அப்படிப் போய் 2,400 ரூபாய் வேன் வாடகை கொடுத்தோம். மூன்றாவது முறை நான்கு பேர் பஸ்ஸில் போனோம்.

நகல்களைத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூன்றாவது மனுவுக்கு ஆன மொத்தச் செலவு 1,180 ரூபாய். அச்சு, ஜெராக்ஸ், தபால், நான்கு பேருக்குப் பஸ், டீ எல்லாம் சேர்த்து. வேறு யாருக்கும் எதற்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று ஒருவர் வந்தார், திருப்பி அனுப்பினோம்.

8. கொடுத்த பிறகு

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு மனு எண்ணை வைத்து, முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-இல் கேளுங்கள். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று வரும் பதிலை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனது, எந்தத் தேதியில் போனது என்று கேட்டு, அந்த அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் பஸ் விடவில்லை?" என்று கேட்டால் பயனில்லை. இன்ன மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் குறிப்பு நகல், தட ஆய்வு நடந்திருந்தால் அறிக்கை நகல், இன்ன தடத்தின் அனுமதிக்கப்பட்ட நடைகளின் கால அட்டவணை என்று ஆவணமாகக் கேளுங்கள். எங்கோ ஒரு காலத்தில் உங்கள் ஊர் வரை அனுமதித்து, பிறகு நின்றுபோன நடை ஏதாவது அந்த அட்டவணையில் இருந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

தட ஆய்வுக்கு வரும் தேதி தெரிந்தால் ஊர் மொத்தமும் திரண்டு நிற்க வேண்டாம். விவரம் தெரிந்த இரண்டு பேர், சாலை அளவுத் தாளோடு போதும்.

காலத்தைப் பற்றி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மாவட்டத்தில் எந்த அலுவலகமும் மழை வெள்ள வேலையில் இருக்கும், ரோடும் காட்டும் நிலையில் இருக்காது. ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம், பிப்ரவரியில் மனு, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பஸ் என்று திட்டமிடுங்கள். நாங்கள் ஆகஸ்டில் ஆரம்பித்ததால் மழையில் நான்கு மாதம் போய்விட்டது. எல்லாம் சேர்த்து பதினோரு மாதம்.

9. பெரிய பஸ் நுழையாத ஊர் என்றால்

ரோடு குறுகல், திரும்ப இடமில்லை என்றால் மினி பஸ் கேளுங்கள். 2025 மே 1 முதல் புதிய மினி பஸ் திட்டம் அமலில் இருக்கிறது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், பெரும்பகுதி பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பஸ் முதலாளி. நம் வேலை, தடத்தை வரைந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடமும் ஆட்சியரிடமும் பரிந்துரையாகக் கொடுப்பது. ஓட்ட முன்வருபவர் ஒருவரை நீங்களே பேசிப் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. தனியார் வண்டி என்பதால் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்பதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வரும்.

10. பஸ் வந்துவிட்டது. இனி?

முதல் நாள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படம் எடுத்தோம். பத்தாவது நாள் பார்த்தால் பாதிப் பேர் பழையபடி ஆட்டோவில் போகிறார்கள், பஸ் பத்து நிமிடம் தாமதமாம். முதல் மூன்று மாத எண்ணிக்கையைத்தான் பணிமனையில் பார்ப்பார்கள். அந்த மூன்று மாதமாவது ஆட்டோக்காரத் தம்பிகளிடம் பேசி, அவர்களுக்கு மதிய ஓட்டம், ராத்திரி ஓட்டம் என்று விட்டுவிட்டு, காலையில் பஸ்ஸில் ஏறுங்கள்.

பெண்கள் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். காசு இல்லையே, சீட்டு எதற்கு என்று கைகாட்டியில் இறங்கி நடந்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் ஊரில் ஆள் ஏறியதற்குக் கணக்கு. அதை வைத்துத்தான் அரசும் கழகத்துக்கு ஈடு கட்டுகிறது. எங்கள் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க, வண்டி கிளம்பும் இடத்தில் முதல் மாதம் முழுக்க ஒரு அக்கா நின்றார். "சீட்டு வாங்குனியாடி?" என்று கேட்காமல் அவர் யாரையும் உள்ளே விட்டதில்லை.